சாய்ந்த வீடுகளும் சங்கத்துப் படுதாவும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா நாடகத்திற்கு ஒத்திகை தொடங்கிவிட்டதெனச் சென்ற திங்கள் இப்பகுதியில் எழுதியிருந்தோம். ஒத்திகை நன்றாகவே நடைபெறுகின்றது. தகராறு வந்தது படுதாவினால்.

நாடகத்தின் கதை நம்மிற் பலருடைய கதையே. கும்பகோணத்துப் பக்கத்துக் குடும்பமொன்று பிழைப்பின் பொருட்டுத் தலைநகருக்கு வருகின்றது. புசா ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியறை ஒன்றிற் குடியேறுகின்றது. இரண்டாம் காட்சி அந்தச் சந்து, இரவு நேரம். காட்சியமைப்புப் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வாடகைக்குக் கிடைக்கும் தெருப் படுதாவைக் கட்டிவிடலாம் என்றிருந்தோம். நேயர்கள் அதனை நன்கறிவர். நேரான வீதி, இருபுறமும் மாடங்கள், கோடியில் ஒரு கோபுரம். எத்தனையோ நாடகங்களுக்கு அது மதுரையாகவும் காஞ்சியாகவும் பணியாற்றியிருக்கின்றது. தில்லியாகவும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது நம் எண்ணம்.

அவ்வேளையில், சங்க உறுப்பினர் ஒருவரின் மகன், ஓவியக் கல்லூரியிற் பயிலும் இளைஞன், ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான். அதில் ஒரு வீடும் நேராக நிற்கவில்லை. சுவர்கள் இருபுறமிருந்தும் குனிந்து நடுவழியை நெருக்குகின்றன. மின்கம்பிகள் வலைபோற் பின்னிக் கிடக்கின்றன. வானம் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நாடா. கடைக் கதவுகளிலும் சுவர்களிலும் ஆளுயர எழுத்துகள். ஆனால் அவை எம்மொழியிலும் அடங்கா. நாம் சிரித்துவிட்டோம் என்பதை மறைப்பானேன்? "தம்பி, இந்தச் சந்தில் நிலநடுக்கமா?" என்று கேட்டோம்.

அவன் கோபிக்கவில்லை. "மாமா, ஊரிலிருந்து அன்றுதான் வந்திறங்கிய அந்த அம்மாளுக்கு, முதலிரவில் இந்தச் சந்து வேறெப்படித் தெரியும்?" என்றான்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பார்சல் கணக்கு எழுதும் நமக்குச் சட்டென்று விடை தோன்றவில்லை. அவன் கைப்பேசியிற் சில படங்களைக் காட்டினான். எக்ஸ்பிரஷனிசம் எனப்படும் உணர்ச்சி வெளிப்பாட்டு ஓவியம் ஜெர்மனியில் வளர்ந்தது. 1905இல் டிரெஸ்டன் நகரிற் கூடிய இளைஞர் குழுவில் ஒருவர் கிர்க்னர். அவர் 1911இல் பெர்லின் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1913 முதல் அந்நகரத்து வீதிகளைத் தீட்டினார். மனிதர்கள் கூரிய ஆப்புகளைப்போல் நெருங்கி நிற்கின்றனர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. வீதியை அளந்து வரையாமல், அதில் நடப்பவனுடைய நெஞ்சை வரைதலே அவ்வோவியத்தின் வழி. கிர்க்னரும் வெளியூரிலிருந்து வந்தவரே என்பதை நாம் குறித்துக்கொண்டோம்.

1920இல் பெர்லினில் வெளியான "டாக்டர் காலிகாரி" என்னும் பேசாப் படம் இவ்வழியிற் கதையுலகம் ஒன்றையே படைத்தது. வார்ம், ரைமன், ரோரிக் என்னும் மூவர் ஊர் முழுவதையும் துணியில் தீட்டிவிட்டனர். கோணல் வீடுகள், கோணல் சன்னல்கள். நிழல்களைக்கூட விளக்கு தரவில்லை, தூரிகையே தந்தது. கதை சொல்பவன் மனநோய் விடுதியில் இருப்பவன் என்பது முடிவில் தெரிகின்றது. அப்போதும் விடுதி முற்றம் கோணலாகவே இருக்கின்றது. இது பிழையா, நுட்பமா என்று நாமும் அவனும் அரைமணி நேரம் வாதிட்டோம். நாம் இன்னமும் பிழை என்றே கருதுகின்றோம்.

நிற்க. சுவரெழுத்துகளைப் பற்றி அறிய வேண்டுமாயின் லோதி காலனிக்கு வாருங்கள் என்றான். ஞாயிறன்று கரோல்பாக்கில் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறி, ஜோர்பாக்கில் இறங்கி நடந்தோம். 1940களில் அரசு ஊழியருக்கெனக் கட்டப்பட்ட குடியிருப்பு அது. 2015-16 தொடங்கி, ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சியால் உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் 50க்கும் மேற்பட்ட சுவர்களில் ஓவியம் தீட்டியுள்ளனர். கட்டணமில்லை, காவலில்லை. கீழே ஸ்கூட்டர் நிற்கின்றது, மேலே துணி உலர்கின்றது, இடையில் ஓவியம். படுதாவில் ஓவியன் எண்ணியபடி வீட்டைச் சாய்க்கலாம். இங்கோ வளைவும் சன்னலும் குழாயும் இருந்த இடத்தில் இருக்கும், ஓவியந்தான் வளைந்து கொடுக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே துணியில் எவ்வாறு சேர்ப்பது?

சுவரோவியம் கதையுலகுக்கு உதவியமைக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2005இல் வெளிவந்த "அந்நியன்" படத்தின் ஒரு பாடலுக்காகத் தென்காசிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரத்தில், கலை இயக்குநர் சாபு சிரில் வீடுகளுக்கும் பாறைக்கும் வண்ணம் தீட்டுவித்தார். பாறையில் நடிகர்களின் முகங்கள். அவ்விடத்திற்கு அந்நியன் பாறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அது கொண்டாட்டத்தின் உலகம். நமக்கு வேண்டியது அச்சத்தில் தொடங்கும் உலகம்.

இளைஞனின் வழி இதுவே. வீடுகள் கனவிற்போலச் சாய்ந்திருக்கும். கருநீலமும் கத்தரிப்பூவும் மட்டும். சுவரெழுத்துகள் மட்டும் பளீரென்ற வண்ணத்தில் நிற்கும். அவளுக்குப் படிக்கத் தெரியாதாகையால் அவை வெறும் உருவங்கள். இறுதிக் காட்சியிலும் அதே படுதா. வீடுகள் நிமிர மாட்டா. ஆனால் அவள் வீட்டுச் சுவரில் வெள்ளையும் காவியும் பட்டையாக ஏறியிருக்கும், வாசலில் மாக்கோலம். அந்தக் கோலத்தை மேடையிலேயே, அனைவரும் காண, அவள் இடுவாள். கோலமும் தெருவோவியந்தானே மாமா என்றான்.

காரியக் குழுவில் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த வீட்டு இந்திக்காரர் சிரிப்பார் என்றார் ஒரு பெரியவர். புதுப் படுதாவுக்குப் பணமில்லை என்றார் பொருளாளர். அவ்விருவருக்கும் துணை நிற்க வேண்டியவர் நாமே. ஆயினும் எழுந்தபோது வாயில் வந்தது வேறு. 21 வயதில் வேலை உத்தரவுடன் இந்நகரில் இறங்கிய இரவு, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரே சந்தை மும்முறை சுற்றினோம். பெயர்ப்பலகைகள் படிக்க வரவில்லை. வழி கேட்க மொழி வரவில்லை. வீடுகள் மேலே விழுவதுபோல் இருந்தன. காலையிற் பார்த்தால் அச்சந்து 40 அடி தூரமே! இதனை இதுகாறும் மனைவியிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்தபின் எவரும் பேசவில்லை. சிரிப்பார் என்ற பெரியவர் தமக்கும் ஒரு சந்து உண்டு என்று மட்டும் சொல்லித் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

அனுமதி கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. ஆகவே நேயர்கள் தங்கள் இல்லத்திலுள்ள பழைய வெள்ளைப் போர்வைகளையும் மிஞ்சிய சுண்ண வண்ணங்களையும் வரும் ஞாயிறு ஒத்திகைக்குக் கொண்டுவந்து உதவுக. இரயில்வே முத்திரை உள்ள போர்வைகள் மட்டும் வேண்டா. அவை எங்கிருந்து வந்தன என்று நம்மைத்தான் கேட்பார்கள்.