பாடசாலைக் கணினியும் ஏகபோகமும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் ‘விண்டோஸ் 10’ பணிசெயல் முறைமைக்கான வழமையான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பணம் செலுத்தியோ வேறு நிபந்தனைகளுக்கு இணங்கியோ சிறிது காலம் தவணை பெறலாம், தவணை தீர்வாகாது. அடுத்து வந்த ‘விண்டோஸ் 11’, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் அந்நிறுவனம் வகுத்த பட்டியலிலுள்ள செயலியும் கொண்ட கணினிகளுக்கென்றே வகுக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டுக்கு முன் சந்தைக்கு வந்த இன்டெல் செயலிகளில் மிகப் பெரும்பாலானவை அப்பட்டியலில் இல்லை. தட்டெழுதவும் கணக்கிடவும் இணையத்தில் தேடவும் நேற்றுவரை குறைவின்றி உதவிய இயந்திரம், ஓர் உறுப்பேனும் பழுதுறாதிருக்கையிலேயே, இன்று கழிவுப்பொருளெனத் தீர்ப்பிடப்படுகிறது. இத்தீர்ப்பை எழுதியவர் எமது அதிபரல்லர், கல்வி அமைச்சுமன்று. புதிய சரக்கு விலைபோனால் இலாபமடையும் கம்பனியே எழுதியது.

இதனை வெறும் தொழில்நுட்பச் செய்தியெனக் கருதி நாம் ஒதுங்கிவிட முடியாது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்த நாடு இது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. கடதாசி இல்லாமையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை ஆசிரியர் எவரும் மறந்திரார். அத்தகைய நாடு, வேலை செய்யும் கணினிகளை ஒதுக்கிவிட்டு டொலர் கொடுத்துப் புதியன வாங்க வேண்டுமாம்!

வேறு வழியில்லையெனிற் பொறுத்துக்கொள்ளலாம். வழி உண்டு, அது நாற்பதாண்டு வரலாறும் உடையது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எவரும் இயக்கலாம், அதன் மூலநிரலை ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே அதன் அடிப்படை. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய ‘லினக்ஸ்’ என்னும் கரு அதனோடு சேர்ந்தது. அக்கருவோடு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டி, நிறுவக்கூடிய வடிவில் தருவதையே ‘வழங்கல்’ என்கிறோம். இத்தகைய வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

எதனைத் தெரிவது என்று மாணவர் கேட்கின்றனர். திரையின் அழகைக் கண்டு தெரிவோரே பலர். அதன் பின்னால் நிற்பவர் யார் என்று முதலிற் பாருங்கள் என்பதே எமது மறுமொழி. ‘சென்ட் ஓஎஸ் 8’ என்னும் வழங்கலுக்கு 2029 வரை ஆதரவு உண்டென்ற நம்பிக்கையில் எத்தனையோ நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அதனை நிறுவின. அதன் பின்னால் நின்ற ரெட் ஹட் கம்பனியை 2019இல் ஐ.பி.எம். விலைக்கு வாங்கியது, 2020 டிசெம்பரில் திடீரென ஓர் அறிவிப்பு வந்தது, 2021 முடிவோடு ‘சென்ட் ஓஎஸ் 8’ முடிந்தது. மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, தீர்மானிக்கும் கை எவருடையது என்பதும் பார்க்கப்படல் வேண்டும். 1993இல் தொடங்கிய டெபியனுக்கு முதலாளி இல்லை. உலகெங்குமுள்ள தொண்டர்கள் அதனை ஆக்குகின்றனர். ஆண்டுதோறும் தலைவரை வாக்களித்துத் தெரிகின்றனர். 1997இல் எழுதிய சமூக உடன்படிக்கைக்குக் கட்டுப்படுகின்றனர். உபுண்டு டெபியனிலிருந்து பிறந்தது. புதியவர்க்கு எளிதான லினக்ஸ் மின்ட் உபுண்டுவிலிருந்து பிறந்தது. நான்கு ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய பாடசாலைக் கணினியில், ‘எக்ஸ்எப்சிஈ’ என்னும் எளிய திரையமைப்போடு கூடிய மின்ட்டோ டெபியனோ நன்கு இயங்கும். எல்லாப் பெட்டிகளுக்கும் உயிர் கொடுக்கலாம் என்று நாம் பொய்யுரைக்கமாட்டோம். 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல், 32 பிட் செயலி மட்டுமே கொண்ட மிகப் பழைய கணினிகளுக்கான நிறுவி கைவிடப்பட்டுள்ளது.

வன்பொருள் வியாபாரிகள் விடயம் இதனிலும் சிக்கலானது. லினக்ஸ் நிறுவிய கணினிகளையே விற்கும் கம்பனிகள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் உள்ளன. டெல் நிறுவனம் 2007இலேயே உபுண்டு நிறுவிய மடிக்கணினிகளை விற்கத் தொடங்கியது. ஆயினும் எமது ஆசிரியர் செல்வது பம்பலப்பிட்டியிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள கடைக்கு. “லினக்ஸ் போடலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஒரு புன்னகை. வாயாற் கேட்பதில் பயனில்லை. நிறுவாமலே இயக்கிப் பார்க்கக்கூடிய லினக்ஸைப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றிச் சென்று, வாங்கவிருக்கும் கணினியை அதனால் இயக்கி, வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, மூடித் திறக்கும்போது விழித்தெழல் ஆகியவற்றைக் கடையிலேயே சோதியுங்கள். தொல்லை தருவது பெரும்பாலும் வைஃபை சில்லே. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதற்கு வேண்டிய நிலைபொருள்கள் நிறுவியோடு சேர்த்தே வருவதால் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது. சோதிக்க விடமாட்டேன் என்னும் வியாபாரியிடம் வாங்காதீர்கள். பாடசாலைகளுக்கு மொத்தமாக வாங்குவோருக்கோ இவ்வளவு அலைச்சலும் வேண்டியதில்லை. ‘கணினி லினக்ஸில் முழுமையாக இயங்குதல் வேண்டும்’ என்னும் ஒரு வரியைக் கேள்விப்பத்திரத்திற் சேர்த்தால், சோதிக்கும் பொறுப்பு வியாபாரியின் தலையில் விழும். அவ்வொரு வரியை எழுதவும் எமது அதிகாரிகளுக்கு மனமில்லை என்றால் அவர்கள் எவருக்கு ஊழியம் செய்கின்றனர்?

அதிகாரிகளை மாத்திரம் குறைகூறி எமது கூட்டத்தாரை விட்டுவிடுவது நேர்மையன்று. மேடையில் ஏகபோக முதலாளித்துவத்தைச் சாடும் தோழர், அறிக்கையைத் தட்டெழுதுவது விண்டோஸின் களவுப் பிரதியில். கேட்டால், “முதலாளிக்கு நாம் காசு கொடுக்கவில்லையே!” என்பார். இது எதிர்ப்பன்று, கூலியில்லா விளம்பரம். 1976இல் தமது நிரலைப் பிரதியெடுத்த ஆர்வலரைத் திருடர் என்று பகிரங்கக் கடிதம் எழுதிய அதே பில் கேட்ஸ், 1998இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சீனாவைப் பற்றிப் பேசுகையில், எப்படியும் திருடப்போகிறவர்கள் எமது சரக்கையே திருடட்டும், அதற்குப் பழகிப்போவார்கள், பணம் அறவிடும் வழியைப் பிறகு காண்போம் என்ற கருத்தை ஒளிக்காமற் சொன்னார். களவுப் பிரதியிற் பழகிய மாணவன் நாளை அதிகாரியாகி அரச பணத்தில் அதே சரக்கை வாங்குகிறான். கம்பனி எதிர்பார்த்ததும் இதுவே.

கேரளத்தில் இப்பழக்கத்தை முறித்திருக்கிறார்கள். 2001இல் அங்கு பாடசாலைகளில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியபோது கற்பிக்கப்பட்டது மைக்ரோசொப்ட் மென்பொருளே. ஆசிரியர் சங்கத்தாரும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் எதிர்த்தனர். சில ஆண்டுகளுள் பாடத்திட்டமும் பரீட்சையும் க்னூ/லினக்ஸுக்கு மாறின. மாற்றத்தைத் தாங்கியவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்களே, கம்பனி நிபுணர்களல்லர். 2019இல் அங்கு தயாரித்த வழங்கலின் புதிய பதிப்பு வெளியானபோது, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைக் கணினிகளுக்கென அறிவிக்கப்பட்டது.

எம்மால் இயலாது என்போருக்கு எமது நாட்டிலேயே மறுப்பு உண்டு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்த சில நாட்களில், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்னும் கட்டற்ற மென்பொருளை எழுதினர். பின்னர் அது வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. லங்கா லினக்ஸ் பயனர் குழுவினர் ஆக்கிய சிங்கள எழுத்துரு இன்று டெபியனில் அக்குழுவின் பெயராலேயே கிடைக்கிறது. தமிழ்ப் பக்கத்தில் சென்னைப் பயனர் குழு பல்லாண்டுகள் மாதந்தோறும் கூடிப் பலரைப் பயிற்றியது. 2012 ஜனவரி முதல் ‘கணியம்’ இதழ் இவற்றைத் தமிழில் எழுதிவந்தது. எமது தட்டெழுத்தாளர் கைபழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்புக்கூட லினக்ஸில் உண்டு. ‘பாமினி’ எழுத்துருவிற் பூட்டிவைத்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை மிஞ்சுகிறது. விண்டோஸிலிருந்தாலும் என்றோ செய்யவேண்டிய வேலைதான்.

“தொழில் தருவோர் விண்டோஸைத்தானே கேட்கின்றனர்?” என்பது பெற்றோரின் நியாயமான அச்சம். அட்டவணைச் செயலியின் தத்துவத்தை லிப்ரே ஒபிஸில் கற்ற பிள்ளை எக்செலில் ஒரு வாரத்திற் பழகிக்கொள்ளும். மேலும், உலகின் சேவையகங்களிற் பெரும்பகுதி இயங்குவது லினக்ஸில் என்பதை அப்பெற்றோருக்கு யார் சொன்னார்கள்?

மென்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தடைப்பட்டால் அருகிலிருந்து கைகொடுக்கும் ஆட்கூட்டந்தான் எமது ஊர்களில் இல்லை. அதனை அமைச்சு அனுப்பிவைக்காது. கோட்டத்துக்கு நான்கு ஆசிரியர், பத்து உயர்தர மாணவர் போதும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஏதாவதொரு பாடசாலை ஆய்வுகூடத்திற் கூடட்டும். முதல் நாளில் ஒதுக்கிவைத்த கணினிகளில் மூன்றை எடுத்து, உள்ள கோப்புகளைப் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்தியபின் லினக்ஸை நிறுவிப் பாருங்கள். எந்த மாதிரிக் கணினியில் எது இயங்கிற்று, எது இடறிற்று என்று ஒரு கொப்பியில் எழுதி அயற்பாடசாலைக்குக் கொடுங்கள். இவ்வாண்டின் பொருட்கணக்கெடுப்பில் கழிவுப் பட்டியலுக்குக் கையொப்பம் கேட்டு வருமுன் இது நடந்தாக வேண்டும்.