முதற்பணி எது?

நுழையும்முன்

செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்வது எல்லாரும் அறிந்த எளிய பழக்கம். மறதிக்கு மருந்தாக மட்டுமே பலர் அதனைக் கருதுகின்றனர். எதனை முதலில் செய்வது, எதனைப் பிறகு செய்வது, எதனைச் செய்யாமலே விடுவது என்று முடிவெடுக்கத் துணைநிற்பதே பணிப்பட்டியலின் முதன்மைப் பயன். அப்பயனை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொருட்பட்டியலும் பணிப்பட்டியலும்

தமிழகத்து வீடுகளில் மளிகைப் பட்டியல் எழுதுவோர் தாளின் உச்சியில் பிள்ளையார் சுழியிட்டு, முதற்பொருளாக மஞ்சளை எழுதுவது நெடுநாள் வழக்கம். திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா என எந்த நிகழ்வாயினும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, ‘பட்டியல் போட்டாயிற்றா?’ என்பதுதான். பட்டியலிடுதல் தமிழர்க்குப் புதிதன்று.

ஆயினும், பொருட்பட்டியலுக்கும் பணிப்பட்டியலுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மளிகைப் பட்டியலில் மஞ்சள் முதலில் இருந்தாலும் முடிவில் இருந்தாலும் கடைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகவே கட்டித் தருவார். அங்கு வரிசை என்பது மங்கல மரபு, அவ்வளவே. பணிகளையோ ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும். முதலில் நிற்கும் பணிக்குத் தெளிந்த காலைப்பொழுது கிடைக்கிறது. இறுதியில் நிற்கும் பணிக்குக் களைப்பே மிஞ்சுகிறது. சில பணிகளுக்கு அன்று காலமே கிடைப்பதில்லை. பணிகளை வரிசைப்படுத்துகிறவர், தம் காலத்தை எதற்குக் கொடுப்பது, எதற்கு மறுப்பது என்று முடிவு செய்கிறார்.

மனத்தின் சுமை

முடிக்கப்படாத பணிகள் மனத்தை விட்டு எளிதில் நீங்குவதில்லை. லித்துவேனியாவில் பிறந்த உளவியலாளர் புளூமா செய்கார்னிக், பெர்லினில் தாம் நடத்திய ஆய்வை 1927ஆம் ஆண்டு வெளியிட்டார். களிமண்ணால் உருவம் செய்தல், புதிருக்கு விடை காணுதல் போன்ற சிறு பணிகளைப் பலரிடம் கொடுத்து, அவற்றுள் பாதியை இடையிலேயே நிறுத்தச் செய்தார். முடித்த பணிகளைவிட இடையில் நின்ற பணிகளே அவர்கள் நினைவில் மிகுதியாகத் தங்கியிருந்தன. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை எனினும், அரைகுறையாக நின்ற வேலை உறங்கும் வேளையிலும் உறுத்துவதை யாவரும் அறிவர்.

அந்த உறுத்தலைத் தணிக்க வேலையை முடித்துத்தான் ஆகவேண்டுமா? மசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்வினாவிற்கு விடை கூறுகிறது. முடியாத பணியை நினைத்துக்கொண்டிருந்தவர்களால், கையில் கொடுக்கப்பட்ட உரைப்பகுதியை ஊன்றிப் படிக்க இயலவில்லை. அப்பணியை எப்பொழுது, எவ்வாறு செய்வது என்று திட்டமிட்டுக்கொண்டவர்களுக்கோ அந்த இடையூறு ஏற்படவில்லை. பணி அப்படியேதான் இருந்தது. ஆனால், அதற்கென ஓர் இடம் வகுக்கப்பட்டுவிட்டதால் மனம் அமைதியுற்றது. வேதியியல் பாடம் படிக்கும்போது ஆங்கிலக் கட்டுரை நினைவும், ஆங்கிலக் கட்டுரை எழுதும்போது கணக்குத் தேர்வு நினைவும் குறுக்கிடும் மாணவர், இரண்டையும் தாளில் எழுதி ஒவ்வொன்றிற்கும் ஒரு வேளையைக் குறித்துவிட்டால், கையிலுள்ள பாடத்தில் கருத்தைச் செலுத்த முடியும்.

தெரிந்து தெளிவோம்

1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று மேலெழுந்த சிறிது நேரத்தில் வீழ்ந்து எரிந்தது. ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். விமானம் தரையில் நிற்கும்போது அதன் வால்பகுதி காற்றில் அசையாதிருக்கப் பூட்டிவைக்கும் அமைப்பை விடுவிக்காமலே புறப்பட்டதுதான் காரணம். அதன்பின், புறப்படுமுன் சரிபார்க்க வேண்டியவற்றை எழுதிவைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கும் முறை விமானிகளிடையே நிலைபெற்றது. தேர்ச்சி மிக்கவர்க்கும் எழுதிய தாள் தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

முன்பின் அறிதல்

வரிசைப்படுத்துவதற்குரிய முதல் அளவுகோல், எப்பணி எப்பணியைச் சார்ந்து நிற்கிறது என்பதாகும். நாளைக் காலை இட்லி வேண்டுமானால் இன்று பகலிலேயே அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும். மாலையில் அரைக்க வேண்டும். இரவு முழுவதும் மாவு புளிக்க வேண்டும். இவற்றுள் மனிதர் உழைக்கும் நேரம் சிறிது. காத்திருக்கும் நேரம் பெரிது. காத்திருக்க வேண்டிய பணியை முதலில் தொடங்கிவிட்டு, அந்த இடைவெளியில் பிற பணிகளைச் செய்வதே அடுக்களையின் அறிவு. உழவரும் நாற்றங்காலில் நாற்று வளரும் நாட்களிலேயே நடவு வயலை உழுது, சேறாக்கி, சமன்செய்துவிடுகிறார். நாற்று வளர்ந்தபின் உழத் தொடங்கினால் நாற்றும் முற்றும், பருவமும் தவறும்.

மாணவர் பணிகளிலும் இத்தகையவை உண்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருமானச் சான்றிதழ் வேண்டும். அச்சான்றிதழ் கைக்கு வரச் சில நாட்கள் ஆகும். விண்ணப்பத்தின் இறுதிநாளை மட்டும் பட்டியலில் எழுதுபவர் ஏமாறுவர். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் நாளையும் எழுதுபவரே உதவித்தொகையைப் பெறுவர்.

அவசரமும் இன்றியமையாமையும்

இரண்டாம் அளவுகோல், அவசரத்தையும் இன்றியமையாமையையும் வேறுபடுத்தி அறிதல். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஐசனோவர், 1954ஆம் ஆண்டு ஆற்றிய உரை ஒன்றில், சிக்கல்கள் இருவகைப்படும் என்றும், அவசரமானவை இன்றியமையாதவை அல்ல என்றும், இன்றியமையாதவை ஒருபோதும் அவசரமாக வருவதில்லை என்றும் கருத்துரைத்தார். அக்கருத்தையும் தமதென்று கூறாமல், முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவருடையது என்றே குறிப்பிட்டார். பின்னர் இசுடீபன் கவி என்பவர் 1989ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், பணிகளை நான்கு கட்டங்களாகப் பகுக்கும் முறையைப் பரவலாக்கினார்.

மேல்நிலை முதலாமாண்டு மாணவர் ஒருவரின் ஒரு நாளை இவ்வாறு பகுத்துப் பார்க்கலாம். நாளைக்குள் ஒப்படைக்க வேண்டிய செய்முறைப் பதிவேடு அவசரமானது, இன்றியமையாததும்கூட. கைப்பேசியில் ஒலிக்கும் நண்பரின் செய்தி அவசரம்போலத் தோன்றும். பெரும்பாலும் இன்றியமையாதது அன்று. ஓய்வென எண்ணிக் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருத்தல் இரண்டுமன்று. நான்காவதாக ஒருவகை உண்டு. பத்தாம் வகுப்பிலேயே சரியாகப் புரியாத ஒரு கணக்குப் பகுதியை மீண்டும் கற்றல், நாள்தோறும் சில பக்கங்கள் நூல் வாசித்தல், உடலைப் பேணுதல் ஆகியவை இன்றியமையாதவை. ஆனால், இவற்றிற்கு இறுதிநாள் இல்லை. இன்று செய்யாவிட்டால் எவரும் கேட்பதில்லை. எனவேதான் இவை நாளை, மறுநாள் என்று தள்ளிப்போய், ஒருநாள் பட்டியலிலிருந்தே மறைந்துபோகின்றன.

பதினொன்றாம் வகுப்பே இந்த நான்காம் வகைக்குத் தக்க எடுத்துக்காட்டு. பன்னிரண்டாம் வகுப்பு எல்லார் கண்ணுக்கும் பெரிதாகத் தெரிகிறது. அதற்கு முந்தைய ஆண்டோ, கடந்து போனால் போதும் என்று எண்ணப்படுகிறது. இயற்கணிதமும் வகையீடும் இவ்வாண்டில் விளங்காதவர்க்கு அடுத்த ஆண்டின் நுண்கணிதம் விளங்காது. குறிப்பேட்டுப் பதிவு தெளியாதவர்க்குக் கூட்டாண்மைக் கணக்கு கைகூடாது. அவசரம் காட்டாத இவ்வாண்டிற்கு நாள்தோறும் பட்டியலின் முதல் இடத்தைக் கொடுப்பவர், அடுத்த ஆண்டின் பேரச்சத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்கிறார்.

நீண்ட பட்டியலின் ஏமாற்று

பட்டியல் நீள நீள ஊக்கம் வளரும் என்று எண்ணுவது தவறு. மனிதர் தம் பணிக்குத் தேவையான காலத்தைக் குறைவாகவே மதிப்பிடும் இயல்பினர். டேனியல் கானமன், ஏமோசு டிவெர்சுகி ஆகிய அறிஞர்கள் 1979ஆம் ஆண்டு இவ்வியல்புக்குத் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டனர். 1994ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கனடா நாட்டுக் கல்லூரி மாணவர்கள் தம் ஆய்வேட்டைச் சராசரியாக 34 நாட்களில் முடித்துவிடலாம் என மதிப்பிட்டனர். உண்மையில் ஏறத்தாழ 55 நாட்கள் ஆயின. ஒரு மாலைப்பொழுதிற்குப் பன்னிரண்டு பணிகளை எழுதுபவரும் இதே பிழையைச் செய்கிறார். மூன்று முடிந்து ஒன்பது எஞ்சும்போது, முடித்த மூன்றின் மகிழ்ச்சியையும் எஞ்சிய ஒன்பது விழுங்கிவிடுகிறது. சில நாட்களில் பட்டியல் எழுதும் பழக்கமே கைவிடப்படுகிறது.

இதனினும் நுட்பமான ஏமாற்று ஒன்றும் உண்டு. எளிய பணிகளை முதலில் முடித்து, ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடிப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. எழுதுகோலுக்கு மையிடுதல், மேசையை ஒழுங்குபடுத்துதல், அட்டைக்குத் தாள் ஒட்டுதல் என ஐந்து பணிகள் முடிந்திருக்கும். கடினமான கணக்கு மட்டும் தொடப்படாமல் இருக்கும். நாள் முழுவதும் உழைத்த நிறைவு உண்டு, பயனோ சிறிது.

இவ்விரு ஏமாற்றுகளையும் தவிர்க்கச் சில நெறிகள் உதவும். பட்டியலில் விருப்பத்தை எழுதாமல் செயலை எழுத வேண்டும். ‘இயற்பியல் படித்தல்’ என்பது எங்குத் தொடங்கி எங்கு முடியும் என்பது எவருக்கும் தெரியாது. ‘இயற்பியல் மூன்றாம் பாடத்தில் ஐந்து கணக்குகள்’ என்று எழுதினால் தொடக்கமும் முடிவும் தெரியும். ஒரு நாளில் முதன்மையான பணிகள் இரண்டோ மூன்றோ போதும்; அவற்றுள் கடினமானது முதலில் நிற்க வேண்டும். மூன்று நாட்களாகத் தொடர்ந்து அடுத்த நாளுக்கு மாற்றப்படும் பணியை நான்காம் முறையும் எழுதுமுன் சிந்திக்க வேண்டும். அது பெரிதாக இருந்தால் சிறு பகுதிகளாகப் பிரிக்கலாம். பிறர் உதவியால் முடியுமானால் கேட்கலாம். உண்மையில் தேவையற்றதானால் துணிந்து நீக்கலாம். நீக்குதல் தோல்வியன்று, காலத்தின் அளவை ஒப்புக்கொள்ளும் நேர்மை அது.

எழுதப்படாத பணிகள்

பட்டியலுக்குச் சமூகப் பயனும் ஒன்று உண்டு. வீட்டுப் பணிகளில் பெரும்பகுதி எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தல், தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்துவைத்தல், தாத்தாவின் மாத்திரை தீருமுன் வாங்கிவைத்தல், தம்பியின் சீருடையைத் துவைத்தல் ஆகியவை பெரும்பாலும் ஒருவர் மனத்திலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒருவர் பெரும்பாலும் தாயாகவோ, மூத்த மகளாகவோ இருக்கிறார். இந்திய அரசு 2019ஆம் ஆண்டு நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அப்பணிகளில் செலவிட்டனர்.

ஒரே வகுப்பில் பயிலும் அண்ணனும் தங்கையும் அல்லது அக்காவும் தம்பியும் ஒரே அளவு காலம் பெற்றவர்கள் என்று கருத முடியாது. மாலை முழுவதும் அடுக்களையில் கழிக்கும் மாணவியிடம் ‘திட்டமிட்டுப் படி’ என்று அறிவுரை கூறுவது நீதியாகாது. வீட்டுப் பணிகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிற்கும் எதிரே செய்பவர் பெயரைக் குறித்து, எல்லாரும் காணுமாறு ஒட்டிவைத்தால், ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தபின் பகிர்ந்துகொள்ளாமலிருப்பது கடினம்.

இயந்திர வாழ்வா?

பட்டியலிட்டு வாழ்வது மனிதரை இயந்திரமாக்கிவிடும் என்போர் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஒவ்வொரு நிமிடத்தையும் கட்டம் போட்டு நிரப்பிவிட்டால், எதிர்பாராமல் வரும் விருந்தினரும், நோயுற்ற நண்பரும், வியப்பூட்டும் ஒரு நூலும் தொல்லையாகவே தோன்றும். அத்தகைய பட்டியல் மனிதருக்கு ஏவலராக இராமல் தலைவராகிவிடுகிறது. இதற்குத் தீர்வு பட்டியலைக் கைவிடுவதன்று. அதில் வெற்றிடம் விடுவதே ஆகும். விளையாட்டும் உரையாடலும் ஓய்வும் எஞ்சிய நேரத்திற்குத் தள்ளப்படாமல், தமக்குரிய இடத்தைப் பெற வேண்டும்.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. அரசர்க்குக் கூறப்பட்டவையாயினும், ஒரு பணியைப் பட்டியலில் சேர்க்குமுன் கேட்க வேண்டிய வினாக்களாகவும் இவை அமைகின்றன. இது செய்யத் தக்கதா? செய்யும் வலிமை உண்டா? எப்பொழுது செய்வது? எங்கே செய்வது? செய்யத் தக்கதா என்னும் வினா முதலில் நிற்பது கருதத்தக்கது. காலத்தைப் பற்றிய எண்ணம் அதன் பின்னரே வருகிறது. பணிகளை எழுதுவது ஐந்து நிமிட வேலை. அவற்றுள் எதற்குத் தம் வாழ்நாளின் ஒரு பகுதியைக் கொடுக்கலாம் என்று தேர்வதே உண்மையான உழைப்பு. அவ்வுழைப்பை மேற்கொள்ளும் மாணவர், பிறர் வகுத்த அவசரங்களுக்கு இடையிலும் தமக்கு இன்றியமையாததைக் கைவிடாமல் வளர்வர்.