மீன் முஸீபத்தைச் சுமப்பதில்லை

தொட்டி மீன் செத்து மிதந்தால், "வீட்டுக்கு வந்த பலா முஸீபத்தை அது வாங்கிக்கொண்டது" என்று கூறுவோர் நம் பவானியிலும் உண்டு. ஐவேளைத் தொழுகையாளிகளும் கூறுகின்றனர். சகுனத்தை நபி (ஸல்) அவர்கள் மறுத்திருக்க, இது எங்கிருந்து வந்தது? ஆற்றில் மீன் செத்தால் சாயப்பட்டறையைக் கேட்கிறோம். நம் கூடத்தில் செத்தால் மட்டும் முஸீபத்தா?

மீனைப் பெரும்பாலும் கொல்வது அம்மோனியா. மீனின் செவுள் வழியே ஓயாமல் வெளியேறுவதும், மிஞ்சிய தீனி அழுகித் தருவதும் அதுவே. நிறமற்றது, தண்ணீர் பளிங்காகத் தெரியும்போதே செவுளை அரித்துவிடும். வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் (அதுவும் நஞ்சே), பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை பெருகச் சுமார் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நாமோ வாங்கிய அன்றே பத்து மீன்களை விடுகிறோம்! பிறகு சுத்தம் என்ற பெயரில் நீர் முழுவதையும் கொட்டி, பஞ்சைக் குழாயடியில் அலசி, குளோரினால் அந்த நுண்ணுயிர்களையும் அழிக்கிறோம். ஆழ்துளைக் கிணற்று நீர் காரத்தன்மை மிகுந்ததாயின் அம்மோனியாவின் நச்சு இன்னும் கடுமை.

வளர்ப்பதற்குத் தடையில்லை. சிறுவர் அபூ உமைர் குருவி வளர்த்ததை நபியவர்கள் தடுக்கவில்லை. ஆனால், பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. "என் முஸீபத்தைப் பூனை வாங்கிக்கொண்டது" என்று அவள் தப்பியிருப்பாளா?

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். புது நீரை ஒரு நாள் முழுதும் வாளியில் திறந்து வைத்த பின்பே ஊற்றுங்கள். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள்.