கெத்தாம் தீவுக்கு அத்தையோடு



பள்ளி விடுமுறை தொடங்கி மூன்று நாள் ஆனதும் "நாம எங்கேயும் போகலையா?" என்ற கேள்வி வீட்டுக்குள் வந்துவிடும். உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். கேமரன் மலைக்கும் லங்காவிக்கும் போய் வந்தவர்களின் படங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்கும்போது, சம்பளச் சீட்டைக் காட்டி அவர்கள் வாயை அடைக்க முடியுமா? என் வீட்டுக்காரரோ, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறவர். அவரையும் இழுத்துக்கொண்டு ஒரே நாளில் போய் வரக்கூடிய இடம் எது என்று யோசித்தேன். கிள்ளான் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் கெத்தாம் தீவு நினைவுக்கு வந்தது.

கெத்தாம் என்றால் நண்டு. அலையாத்தி மரங்கள் அடர்ந்த சேற்றுத் தீவு அது. நாம் பாக்காவ் மரம் என்கிறோமே, அந்த மரந்தான். அங்கே கால் ஊன்றிய வீடுகளில் சீன மீனவக் குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வாழ்ந்து வருகின்றன. பெரும்பாலும் தியோச்சியூ, ஹொக்கியன் மக்கள். தீவில் கார் கிடையாது, லோரி கிடையாது. சைக்கிள்தான் ஓடும்.

எங்களோடு அத்தையும் வந்தார். வந்தார் என்று எழுதிவிட்டேன். அவரைக் கிளப்பியது பெரும்பாடு.

"கடல் எனக்கு வேணாம்மா. ஒரு தடவை பட்டது போதும். நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்."

அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. 1951இல், ஏழு வயதில், பெற்றோரோடு ராஜுலா கப்பலில் வந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலோரம் விடுவார்கள். அலையில் படகு ஏறும்போது மேலே நிற்கிறவர்கள் பிள்ளையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அத்தையை ஒருவர் தூக்கிய நேரத்தில் படகு கீழே இறங்கிவிட்டதாம். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்க, கீழே தண்ணீர் கருப்பாகத் தெரிந்ததாம். அதற்குப் பிறகு அவர் கடல் பக்கமே போனதில்லை. மோரிப் கடற்கரைக்கு எல்லாரும் போன சமயத்திலும் பேருந்தை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்.

கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தவன் என் சின்ன மகன். "பாட்டி, நீ இறங்கின துறைமுகத்தையாவது காட்டு. படகில ஏற வேணாம்" என்றான். அதற்குச் சரி என்றார்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போவதுதான் வசதி. கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். இறங்கிச் சில நிமிடம் நடந்தால் பெர்ரித் துறை வந்துவிடும். காரில் போகிறவர்கள் வண்டியை எங்கே விடுவது என்று அலைய வேண்டியிருக்கும்.

துறையில் நின்றுகொண்டு அத்தை கேட்டார். "இதா போர்ட் சுவெட்டன்ஹாம்?"

இதுதான். வெள்ளைக்கார அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரால் 1901இல் திறக்கப்பட்ட துறைமுகம். 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. தொடக்கத்தில் இந்த இடமும் பாக்காவ் காடுதான். திறந்த கொஞ்ச நாளிலேயே மலேரியாக் காய்ச்சல் ஆட்களைச் சாய்த்தது. அப்போது கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் கொசு குறையும் என்று செய்து காட்டினார். பிறகு தோட்டங்களிலும் அதே வழி வந்தது. நம் பாட்டன்மார் எத்தனை பேர் காண் வெட்டியே முதுகு வளைந்தார்கள் என்பது வேறு கதை.

நம் ஆட்களில் பல பேர் இந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். அவர்கள் வெட்டிய பால் ரப்பராகி வெளியே போனதும் இதே வழிதான். இன்று உலகின் பெரிய கொள்கலன் துறைமுகங்களுள் இதுவும் ஒன்று. பாரந்தூக்கிகள் வானத்தை மறைத்து நிற்கின்றன. அத்தை அவற்றையெல்லாம் பார்க்கவில்லை. தங்களைச் சில நாள் வைத்திருந்த கேம்பு எங்கே என்றுதான் தேடினார். அம்மை, வாந்திபேதி யாருக்காவது இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகே தோட்டத்துக்கு அனுப்புவார்கள். "ஒரு நீளக் கொட்டாய். தரையெல்லாம் மருந்து வாடை. எங்கம்மா எனக்குத் தலை சீவிவிட்டா" என்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். அடையாளம் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை.

பெர்ரி வந்தது. பிள்ளைகள் ஓடி ஏறிவிட்டார்கள். நான் அத்தையோடு கரையிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். சின்னவன் திரும்பி வந்து கையை நீட்டினான். "ஒரே எட்டுதான் பாட்டி. கண்ணை மூடிக்க."

கரைக்கும் பெர்ரிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கீழே தண்ணீர். அத்தை கண்ணை மூடவில்லை. அந்த இடைவெளியை நன்றாகப் பார்த்தார். பிறகு காலை வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பயணம் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். உள்ளே பேருந்து போல வரிசை நாற்காலிகள். இரண்டு பக்கமும் பாக்காவ் காடு, நடுவே மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டுகள். வானத்தில் செம்பருந்துகள் வட்டமிட்டன. வெள்ளைக் கழுத்துள்ள கருடன்! அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு இருக்கையைப் பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டார்.

தீவில் இறங்கியதும் முதலில் உங்களை வரவேற்பது வாடைதான். கருவாடு, நண்டு, சேறு எல்லாம் கலந்த வாடை. கால் மணி நேரத்தில் பழகிவிடும். நாங்கள் போனபோது தண்ணீர் வற்றியிருந்தது. அந்தப் பக்கம் கடல் ஏறி இறங்கும் அளவு பெரிது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய நான்கு மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். வற்றிய நேரத்தில் வீடுகளின் கால்கள் முழுதாகத் தெரிகின்றன. முன்னாளில் நிபோங் மரக்கால்கள். இப்போது சிமெண்டுத் தூண்களும் உண்டு. அடியில் சேற்றில் சின்ன நண்டுகள் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கி ஆட்டுகின்றன. துடுப்பை ஊன்றித் துள்ளும் சேற்று மீன்களைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்கள். பிளாஸ்டிக் குப்பையும் அதே சேற்றில் கிடக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகிவிடும்.

வீதிகள் குறுகலானவை. பல இடங்களில் ஓரத்தில் கம்பித் தடுப்பு இல்லை. மின்சாரச் சைக்கிள்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வரும். சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வாடகைச் சைக்கிள் எடுத்தால், நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள். என் பெரியவன் விளக்குக் கம்பத்தில் மோதி முழங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

ஒரு வீட்டு வாசலில் அத்தை வயதுள்ள சீனப் பாட்டி தட்டுக்கூடையில் இறாலைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் நின்று பார்த்ததும் "மாரி, மாரி, டுடோக்" என்று பலகையைத் தட்டிக் காட்டினார். அத்தை உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருக்கும் தெரிந்தது பாசார் மலாய்தான். அது போதுமானதாக இருந்தது.

பிள்ளைகள் எத்தனை? சீனப் பாட்டிக்கு ஆறு. அத்தைக்கு ஐந்து. முன்பு குழாய்த் தண்ணீர் வராத காலத்தில் மழைத் தண்ணீரைத் தாழியில் பிடித்து வைத்துக் குடித்ததைச் சொன்னார். தோட்டத்தில் ஒரே குழாய்க்கு நாற்பது குடம் வரிசையில் நின்றதை அத்தை சொன்னார். பிறகு அத்தை அந்த வீட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரூமா செண்டிரி?" என்று கேட்டார். சொந்த வீடா?

ஆமாம், தன் புருஷனும் கொழுந்தன்மாரும் சேர்ந்து கட்டியது என்றார் சீனப் பாட்டி.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. முப்பத்தெட்டு வருடம் பால் வெட்டிய மாமா ஓய்வு பெற்றபோது, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்ததை அவர் இன்றும் மறக்கவில்லை. இப்போது எங்களோடு இருக்கிறார். எங்கள் வீடும் தோட்டத்து வீடுதான். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம். மலிவு வீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறோம். இந்தக் கதையை உங்களில் பல பேருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"சயா ரூமா தாடா. அனாக் அடா" என்றார் அத்தை. எனக்கு வீடு இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சீனப் பாட்டி சிரித்துவிட்டார். உள்ளே கையைக் காட்டினார். வரிசையாக அறைகள், எல்லாம் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு மட்டும் வீடு நிறையும். "சயா ரூமா அடா..." என்று தொடங்கியவர், மீதியைச் சொல்லாமல் கையை விரித்தார். இரண்டு கிழவிகளும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நண்டு, இறால், மீன் எல்லாம் புதிதாகக் கிடைக்கும். ஆனால் நிறுத்து விற்பார்கள். சமைக்கச் சொல்வதற்கு முன்பே கிலோ என்ன விலை, எத்தனை கிலோ என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு கேட்டால் வாய் கசக்கும். நாங்கள் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போய், கடையில் ஒரே ஒரு தட்டு நண்டு மட்டும் வாங்கினோம். ஆறு பேரும் ஆளுக்கொரு கால் உறிஞ்சினோம். புரட்டாசி மாதத்தில் மட்டும் இந்தத் தீவுக்குப் போகாதீர்கள். விரதம் நிற்காது.

குடையும் குடிதண்ணீரும் அவசியம். நிழல் குறைவு. தீவில் கால் வைத்ததும் முதல் வேலையாகக் கடைசி பெர்ரி எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். முடிந்தால் சனிக்கிழமை காலையில் முதல் பெர்ரியைப் பிடிப்பது நல்லது. இன்னொரு மீனவக் கம்பமும் அதே தீவில் உண்டு, சுங்கை லீமா என்று பெயர். எங்களுக்கு நேரம் போதவில்லை.

திரும்பும்போது அத்தை உள்ளே உட்கார மாட்டேன் என்றுவிட்டார். வாசலோரம் நின்று பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். துறைமுகம் நெருங்கியபோது, "அங்கதான் எங்கேயோ..." என்று விரலை நீட்டினார். அவனும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

சீனப் பாட்டி செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்த ஒரு பிடி இறாலை மறுநாள் முருங்கைக்கீரையில் போட்டுப் பிரட்டினேன். அத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும், அடுத்த முறை போகும்போது அந்த அம்மாவுக்கு ஒரு முருங்கைக் கொம்பு வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார்.

"உப்புத் தண்ணியில முருங்கை எங்க அத்தை வரும்?" என்றேன்.

"தொட்டியில வெச்சா வரும். மண்ணு நாம கொண்டு போவோம்" என்கிறார். அரிசி மூட்டைச் சாக்கு ஒன்றைக் கழுவிக் கொடியில் காயப் போட்டிருக்கிறார்.