கால்வலிக்கு ஆண் பெண் தெரியுமா?



சென்ற தீபாவளிக்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுக்கக் காத்திருந்தேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "பொம்பளைப் பிள்ளைகளை வேலைக்கு வைத்தால் அடிக்கடி உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிடுகிறார்கள், சார். பையன்களிடம் இந்தத் தொல்லை இல்லை. வரும் வருஷம் பையன்களாகவே எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. வருகைப் பதிவேடு அவர் கையில் இருக்கிறது. பல மேலை நாடுகளில் எடுத்த கணக்குகளிலும் நோய் விடுப்பு பெண்களிடையே சற்று அதிகமாகவே காணப்படுகிறது. ஆனால் எண் சரியாக இருப்பது வேறு. அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு சரியாக இருப்பது வேறு. அந்த முடிவினால் நாளை சில பெண்களின் பிழைப்பே போகும் என்றால், விஷயத்தை நிதானமாக ஆராய வேண்டாமா?

ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை செய்திருப்பீர்கள். நூலின் நீளத்தையும் மாற்றி, குண்டையும் மாற்றிவிட்டு, "குண்டு மாறியதால்தான் அலைவு நேரம் மாறியது" என்று எழுதினால் உங்கள் ஆசிரியர் விடுவாரா? ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும் என்பதுதானே விஞ்ஞானத்தின் முதல் பாடம்!

அந்தக் கடையைச் சற்றுக் கவனித்தேன். பெண்கள் புடவைப் பிரிவில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பையன்கள் மாடிக்கும் கிடங்குக்குமாக நடந்தார்கள், மூட்டை தூக்கினார்கள், நடுவில் டீ குடித்துவிட்டும் வந்தார்கள். ஆக, ஆண் பெண் என்பது மட்டுமா வேறுபாடு? வேலையே வேறு.

நிற்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நீங்கள் படித்த பௌதிகமே பதில் சொல்லும். திரவ அழுத்தம் = அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். இரத்தத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1060 கிலோகிராம். நிற்பவரின் இதயத்திலிருந்து கணுக்கால் வரை உயரம் ஏறத்தாழ 1.2 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 12,500 பாஸ்கல், அதாவது 93 மில்லிமீட்டர் பாதரசம்! அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரைகள் இத்தனை அழுத்தத்தையும் தாங்குகின்றன.

நடக்கும்போது நிலைமை வேறு. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளில் உள்ள வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. அழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்தாலும் உயரம் குறைவதால் அழுத்தம் குறையும். நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பவருக்கு இந்த இரண்டு உதவியும் இல்லை. மாலையில் கால் வீங்குகிறது, இடுப்பு வலிக்கிறது. ஆண்டுக்கணக்கில் நின்றால் சிரைகள் புடைத்துச் சுருண்டுவிடவும் கூடும். இதைத்தான் 'வெரிகோஸ்' என்கிறார்கள்.

இது பெண்களின் நோயா? 2005-இல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. உழைக்கும் மக்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலும் நின்றே வேலை செய்பவர்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, மற்றவர்களைப் போல் பெண்களில் 1.82 மடங்கு, ஆண்களில் 1.75 மடங்கு. ஆண்களுக்கான எண்ணில் பிழை எல்லை சற்று அகலமானதுதான். இருந்தாலும் இரண்டு எண்களும் ஒரே திசையைத்தானே காட்டுகின்றன? நிற்பது யாராக இருந்தால் என்ன, கால் ஒரே கணக்கைத்தான் போடுகிறது.

பதிவேட்டில் தெரியாத இன்னும் சில உண்டு. கடையில் கழிப்பறை இல்லாவிட்டால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அம்மாதான் "எனக்கு உடல்நலமில்லை" என்று விடுப்பு எழுதுகிறாள். 2019-இல் நம் நாட்டில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அப்படிச் செய்யும் ஆண்களும் நூற்றுக்கு 26 பேரே! கடையில் நின்றவள் வீட்டில் அடுப்படியிலும் நிற்கிறாள்.

உடலமைப்பில் வேறுபாடே இல்லை என்று நான் வாதிடவில்லை. மாதவிடாய் வலியும் மகப்பேறும் பெண்களுக்கே உரியவை. ஆனால் மாற்றக்கூடிய காரணங்களை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்ற முடியாததன் மேல் பழி போடுவது நியாயமும் அல்ல, விஞ்ஞானமும் அல்ல.

இதைப் புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி என்பவரும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பினரும், கடைப் பெண்களுக்குக் கழிப்பறையும் உட்காரும் உரிமையும் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. ஒன்றைக் கவனியுங்கள்: பெண்கள் கேட்டுப் பெற்ற இந்த இருக்கை, ஆண் பெண் அனைவருக்கும் உரியது! சமத்துவம் என்றால் ஒருவரிடமிருந்து பறித்து மற்றவருக்குத் தருவது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நாற்காலி போட்டால் மட்டும் போதாது; உட்கார்ந்தால் முறைக்காமலும் இருக்க வேண்டும். அந்தப் பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, இதுபோல அந்தப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டு, ஒரு வருஷம் கழித்துப் பதிவேட்டைப் பார்த்தால் என்ன?" அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

நண்பர்களே, நீங்களும் ஒரு சோதனை செய்யுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, வேலை செய்பவர் எத்தனை பேர், நாற்காலி எத்தனை, அதில் உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் வீட்டில் ஒரு நாள், யார் எத்தனை நிமிடம் நிற்கிறார்கள் என்று குறித்துப் பாருங்கள். கணக்கு முடிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.