திரி எந்தப் பக்கம்?

விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலைகளைப் பார்த்திருப்பீங்க. ஒரே பெரிய கட்டடமா இருக்காது. சின்னச் சின்ன ரூம், நடுவுல நல்ல இடைவெளி. ஒரு ரூம்ல தீப்பிடிச்சா அடுத்த ரூமுக்குத் தாவக்கூடாது, அதுக்குத்தான். 2008-ஆம் வருஷ வெடிபொருள் விதிகள்லயும் இந்த இடைவெளி உண்டு.

இப்போ உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு வருவோம். லேப்டாப்ல ஒரு ஃபோல்டர், கூகுள் டிரைவ்ல ஒரு ஃபோல்டர். ரெண்டையும் 'சிங்க்' பண்ணியாச்சு, ரெண்டு காப்பி இருக்குனு நிம்மதியா தூங்குறீங்க. ஸாரி பாஸ்! நீங்க ரெண்டு ரூமுக்கும் நடுவுல திரி இழுத்து வெச்சிருக்கீங்க. இங்கே அழிஞ்சா அங்கேயும் அழியும்.

லினக்ஸ்காரங்களுக்கு இதுல கூடுதல் கவனம் வேணும். நம்ம ஊர்ல லினக்ஸ் ஒண்ணும் புதுசில்லை. 2011-ல அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, விண்டோஸோட சி-டாக் தயாரிச்ச 'பாஸ்' லினக்ஸும் அதுல வந்துச்சு. ஆனா 2012-ல வந்த கூகுள் டிரைவ், விண்டோஸுக்கும் மேக்குக்கும் சாஃப்ட்வேர் கொடுத்துச்சு, லினக்ஸுக்கு இன்னிக்கு வரைக்கும் கொடுக்கலை. டிராப்பாக்ஸ் கொடுக்குது, ஆனா இலவசம் 2 ஜிபிதான். கூகுள்ல 15 ஜிபி. (ஜிமெயில், போட்டோ எல்லாம் சேர்த்துதான், ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம்!)

அதனால நம்மாளுங்க கை வைக்கிறது 'ஆர்குளோன்'ல. இலவசம், டெர்மினல்ல ஓடும், டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ்னு எல்லாத்தோடயும் பேசும். சூப்பர் சாஃப்ட்வேர், சந்தேகமே இல்லை. ஆனா அதுல 'காப்பி'னு ஒரு கட்டளை, 'சிங்க்'னு ஒரு கட்டளை. பேரைப் பார்த்துட்டு சிங்க்தான் கெத்துனு போயிடாதீங்க.

சிங்க் ஒருவழிப் பாதை. முதல்ல எழுதுற ஃபோல்டர்தான் முதலாளி. ரெண்டாவதை அப்படியே அது மாதிரி மாத்திடும். முதல் ஃபோல்டர்ல இல்லாத ஃபைல் ரெண்டாவதுல இருந்தா, கேள்வியே கேக்காம தூக்கிடும். ராத்திரி தூக்கக் கலக்கத்துல ரெண்டு பேரையும் மாத்தி அடிச்சீங்கன்னா? டிரைவ்ல இருக்கிற போன வாரத்து ரிப்போர்ட், லேப்டாப்ல இருக்கிற இன்னிக்கு ரிப்போர்ட் மேல உட்காரும். புதுசா எழுதின சாப்டர் ஃபைல் காலி. டிரைவ் பக்கம் அழிஞ்சதாவது குப்பைத்தொட்டியில 30 நாள் கிடக்கும். லேப்டாப் பக்கம் ஆர்குளோன் அழிச்சது டிராஷ்லயும் இருக்காது. வைவாவுக்கு முந்தின நாள் இது நடந்தா கைடுகிட்ட என்னன்னு சொல்றது?

என்னைக் கேட்டா, காலேஜ் முடியற வரைக்கும் காப்பி போதும். அது எதையும் அழிக்காது. ஆனா அதுவும் பழைய ஃபைலைப் புதுசு மேல எழுதிடும். கூடவே 'அப்டேட்'னு ஒரு ஆப்ஷன் சேர்த்தா, அந்தப் பக்கம் இருக்கிறது புதுசா இருந்தா தொடாது. சிங்க் கட்டாயம் வேணும்னா, முதல்ல 'டிரை ரன்' சேர்த்து ஓட்டுங்க. எது போகும், எது வரும்னு காட்டும், செய்யாது. லிஸ்ட்ல 'டெலீட்'னு நிறைய வரி ஓடுச்சுன்னா கையை எடுத்துடுங்க, திசை தப்பு. 'பேக்கப் டிர்'னும் ஒண்ணு இருக்கு. அழிக்க வேண்டியதை அழிக்காம, நீங்க சொல்ற வேற ஃபோல்டர்ல ஒதுக்கி வைக்கும்.

திரியே இல்லாத தனி ரூம் ஒண்ணும் வேணும் இல்லையா? ஒரு பென் டிரைவ். ஞாயித்துக்கிழமை காப்பி பண்ணிட்டு, கழட்டி அம்மாவோட பீரோல வெச்சுடுங்க.