வேப்பம்பட்டு அடுப்படியின் மணிக்கணக்கு

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயில் தடத்தில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவே இருக்கிறது வேப்பம்பட்டு. இங்கே மனை வாங்கி வீடு கட்டியவர்களில் பலர் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கோ ஆவடிக்கோ சென்ட்ரல் பக்கமோ வேலைக்குப் போகிறவர்கள். சென்ட்ரல் போய்ச் சேரவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஏழரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய வீட்டில் ஐந்தரைக்கே அடுப்பு பற்றியிருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர் கைகால் கழுவியதும் மறுபடி அங்கேதான் போய் நிற்க வேண்டும். வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடுங்கள் என்று உணவியல் ஆலோசகர் சொல்வது இந்த இரண்டு நேரங்களில்தான் பலிக்கும். பலிக்காமல் போவதும் இங்கேதான்.

அறிவுரையின் அடிப்படையில் பிழை இல்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் ஆய்வகத்திலேயே தங்க வைத்துச் செய்த சோதனை 2019-இல் வெளியானது. இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. இரண்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஒரே அளவாகவே பரிமாறப்பட்டன, வேண்டுமளவு சாப்பிடலாம். முதல் வகையில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள்; இரண்டே வாரத்தில் 0.9 கிலோ எடை ஏறினார்கள். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை பங்கேற்று 2024-இல் வெளியான ஆய்வு சமைக்கும் முறையைப் பார்த்தது. எடை கூடிய 38 பேரிடம் 12 வாரம் ஒப்பிட்டதில், வறுத்தும் பொரித்தும் சமைத்த உணவைவிட வேகவைத்தும் ஆவியில் அவித்தும் சமைத்த உணவு இன்சுலின் செயல்பாட்டுக்கு நல்லதாக இருந்தது. இட்லிப் பானை உள்ள ஊருக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனாலும் அளந்து சொல்லப்பட்ட செய்தி.

சிக்கல் ‘ரெடிமேட்’ என்ற சொல்லில் இருக்கிறது. வேலையைக் குறைத்துத் தரும் பொருளும் உணவையே மாற்றிவிடும் பொருளும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஆலோசகர் முதலில் பிரிக்க வேண்டியது இவற்றைத்தான்.

இட்லி மாவையே எடுத்துக்கொள்ளலாம். ஆட்டுக்கல்லில் அரைத்த காலத்தில் இட்லி அன்றாட உணவு அல்ல. பல வீடுகளில் பண்டிகைப் பலகாரம். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் கைவலியை எடுத்துக்கொண்டது. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு என்ற கணக்கில் கை வைக்கவில்லை. தெருமுனைக் கடையில் விற்கும் மாவு பாக்கெட் அதன் அடுத்த படி. ஊறவைப்பது, அரைப்பது, கிரைண்டர் கழுவுவது ஆகிய மூன்றும் மிச்சம். மாவைப் பொங்க வைக்கும் லூகோநாஸ்டாக் வகை நுண்ணுயிரிகள் உளுந்தோடும் அரிசியோடும் வருபவை. பாக்கெட்டுக்குள்ளும் அவை அதே வேலையைத்தான் செய்கின்றன. புளிக்கும்போது ஃபைட்டேட் குறைவதால் இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர்வது எளிதாகிறது. அரிசி, உளுந்து, உப்பு, தண்ணீர் தவிர வேறொன்றும் சேராத மாவு, பிரேசிலின் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-இல் முன்வைத்த நோவா வகைப்பாட்டின்படி அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவில் வராது. ஆகவே மாவு பாக்கெட் வாங்குகிறவரை ஆலோசனை அறையில் குற்றவாளியாக்குவது வீண்வேலை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: உறையில் தேதியும் உரிம எண்ணும் உண்டா, கடையில் குளிர்பெட்டிக்குள் இருந்ததா, சோடா உப்பு கலந்ததா? சித்திரை வெயிலில் ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும் மாவு, வெளியே வைத்து விற்கப்பட்டால் மாலைக்குள் புளித்துக் கெட்டுவிடும்.

நறுக்கிய காய், உரித்த பூண்டு, துருவிய தேங்காய், மிஷினில் அரைத்த சாம்பார்ப் பொடி ஆகியவையும் மாவின் இனமே. இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், பாக்கெட் சூப், சிப்ஸ், கிரீம் பிஸ்கட் வேறு இனம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. 2024-இல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டியும் அதே அளவைத்தான் சொல்கிறது. ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டிலேயே அதில் பாதியை நெருங்கிவிடலாம். உறையில் உள்ள சோடியம் மில்லிகிராமை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு மில்லிகிராமில் கிடைக்கும். இந்த ஒரு பெருக்கலை நோயாளியின் கையில் போனைக் கொடுத்துச் செய்யச் சொல்வது அரை மணி நேர உபதேசத்தைவிட நன்றாக வேலை செய்யும். இரவு பார்சலாக வரும் பரோட்டாவும் சால்னாவும் இன்னொரு சிக்கல். அவற்றுக்கு உறையும் இல்லை, படிக்க எழுத்தும் இல்லை.

வீட்டில் சமைத்தது என்பதற்காகவே ஒரு சாப்பாடு நல்லதாகிவிடாது என்பதையும் உணவியல் துறையினர் உரக்கச் சொல்வதில்லை. காலை இட்லி, மதியம் குவித்த சோறு, இரவு தோசை. மூன்றும் வீட்டில் செய்தவை, மூன்றும் தீட்டிய அரிசி. ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (ICMR-INDIAB) நீரிழிவு ஆய்வின் 2025 கட்டுரைப்படி இந்தியர் உண்ணும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதே ஆய்வின் 2023 கணக்கில் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. எனவே பரிந்துரை ‘வீட்டுச் சாப்பாடு’ என்று நின்றுவிடக் கூடாது. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கூட்டு, சுண்டல், கீரை மசியல், முட்டை, மோர் எது எவ்வளவு என்று கரண்டிக் கணக்கில் எழுதித் தர வேண்டும். அப்பளமும் ஊறுகாயும் தட்டின் ஓரத்தில் இருந்தாலும் உப்புக் கணக்கில் நடுவில் இருப்பவை.

இனி, சமைப்பது யார்? 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. வீட்டிலேயே சமையுங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் வாக்கியம், நடைமுறையில் அந்த 289-ஐக் கூட்டச் சொல்லும் வாக்கியம். சர்க்கரை நோய் கணவனுக்கு, உணவுப் பட்டியல் மனைவிக்கு என்பதே பெரும்பாலான ஆலோசனை அறைகளின் வழக்கம். நோயாளி ஆணாக இருந்தால், கீரை ஆய்வதும் குக்கர் வைப்பதும் அவருடைய சிகிச்சையின் பகுதி என்று அவரிடமே சொல்வதில் தவறில்லை.

வேப்பம்பட்டு போன்ற ஊருக்கு எழுதும் பட்டியல் வாரக் கடைசியில் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கான பொடி, புளிக்கரைசல், ஊறவைத்து முளைகட்டிய பயறு. இரவே நறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்த காய். காலையில் ஒரே குக்கரில் அடுக்காக வேகும் பருப்பும் காயும். இரவு எட்டரைக்கு இருபது நிமிடத்தில் முடியும் இரண்டு பதார்த்தங்களாவது பட்டியலில் இருக்க வேண்டும்: பருப்பும் காயும் போட்ட கோதுமை ரவை உப்புமா, முட்டைப் பொரியலோடு அடை. அடை மாவு புளிக்கத் தேவையில்லை என்பது இந்த நேரக்கணக்கில் பெரிய சலுகை.

முதல் சந்திப்பில் எடுக்கும் 24 மணி நேர உணவு விவரத்தோடு இன்னும் இரண்டு கேள்விகளை ஆலோசகர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்: எத்தனை மணி ரயில், வீட்டில் சமைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர். இவ்விரண்டுக்கும் விடை எழுதப்படாத உணவுப் பட்டியலை நோயாளியின் கையில் கொடுக்க வேண்டாம்.